சூனியக்காரியின் மூக்கும் இரண்டாம் ஷெட் விளக்கும்

அன்பு மகனே,

உன்னை இப்படிக் கூப்பிடும் உரிமையை எனக்குக் கொடுத்தவன் நீயேதான். நான் பிறந்ததும் உன்னைப் பெற்றவளின் பெயரை எனக்கு வைத்தாய். பெற்றவள் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று அன்றிலிருந்து என்னை 'ஆத்தா' என்றே கூப்பிடுகிறாய். வருகைப் பதிவேட்டில் நிவேதாவுக்கும் பிரியதர்ஷினிக்கும் நடுவே 'பாவாயி' என்று உட்கார்ந்திருப்பவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்? நேரில் உன்னை 'நீங்க' என்றுதான் சொல்வேன். இந்தக் கடிதம் முடியும் வரைக்கும் மட்டும் நான் உன் ஆத்தா, நீ என் மகன். பொறுத்துக்கொள். இதில் இருப்பதை மகளாக நின்று சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால், மூன்று தடவை. மூன்று தடவையும் கடைசி வரியில் ஏதோ ஜோக் அடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆத்தாவானால் பிள்ளைக்கு முன்னால் ஓடி ஒளிய முடியாது, அதற்காகத்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிமுத்து அண்ணனும் செல்வி அக்காவும் நம் கோழிப்பண்ணையை விட்டுப் போகிறார்கள். ஐந்து வருஷமாகப் பண்ணை ரூமில் இருந்தவர்கள். இரண்டாம் ஷெட்டில் முட்டை குறைந்ததற்கு அவர்கள்தான் காரணம் என்று நீ போகச் சொன்னாய். காரணம் அவர்கள் இல்லை. நான்தான். இதை உன் காதில் மட்டும் சொன்னால் போதாது. நேற்று நீ அவர்களைக் கேட்டது முட்டை லாரிக்காரர்கள் முன்னால், தீவன வண்டி டிரைவர் முன்னால், மாட்டாஸ்பத்திரி டாக்டர் முன்னால். அதனால் இந்தக் கடிதத்தை இரண்டாக எழுதுகிறேன். ஒன்று அம்மா கையில் உனக்கு வரும். இன்னொன்றை முட்டை ரூம் கதவில், தினமும் முட்டைக் கணக்கு எழுதும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். நாளைக் காலை ஏழு மணிக்கு லாரி வரும்போது அவர்களும் படிக்கட்டும். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் அதைக் குடும்பத் தொழிலென்று நினைத்துக்கொள்.

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் செவ்வாய்ப்பேட்டையில் போய் நிற்கிறது. இரண்டு வருஷம் முன்னால் மளிகை எடுக்கப் போனவன், ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் பழைய கேமராவும் கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாய். "பருப்பு எங்கீங்க?" என்று அம்மா கேட்டாள். "மறந்துட்டேன்" என்றாய். கேமராவுக்குள் இருந்த கார்டில் யாரோ ஒருவருடைய கல்யாணம் முழுக்க இருந்தது. அம்மா உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுச் சீர் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். அப்புறம் வானத்தோடு சேர்ந்து திரும்பும் அந்தச் சின்ன மோட்டார் வந்தது. இரண்டாம் ஷெட்டுக்குப் பின்னால் நீயே கம்பி கட்டி கான்கிரீட் தூண் போட்டாய். ஊரெல்லாம் கேட்டது, மல்லசமுத்திரத்துக்காரர் (உன்னைத்தான்) என்ன சிலை வைக்கப்போகிறார் என்று. நிலாவை எடுத்தாய், சனியை எடுத்தாய், அதெல்லாம் எல்லோரும் எடுப்பது என்று சலித்துக்கொண்டாய். கடைசியில் நீ பிடித்துக்கொண்டது ஒரு நெபுலாவை. வானத்து வேட்டைக்காரனின் காலில் நீலமாக எரியும் ரைஜெல் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்கே தெரியாத ஒரு தூசிப் புகை. பக்கவாட்டில் பார்த்த சூனியக்காரி முகம் போல நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் இருக்கும் என்று லேப்டாப்பில் காட்டினாய். "ஊட்டுல ஒருத்தி இருக்கறது பத்தாதுன்னு மேல வேற தேடறீங்களாக்கும்" என்று அம்மா என்னைப் பார்த்தாள். நெபுலாவுக்குப் புத்தகத்தில் ஒண்முகில் என்று பேர் இருப்பதாகச் சொன்னேன். அதற்கப்புறம் உன் படம் ஒவ்வொன்றையும் பார்த்து அவள் "ஒண்ணுமில்லாத முகில்" என்றாள். பாதி நாள் அது உண்மையாகவும் இருந்தது.

அந்தப் புகைக்கு ஒரு குணம் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. சில நெபுலாக்கள் தானாகச் சிவப்பாக எரியும். அவற்றுக்கு ஃபில்டர் போட்டால் ஊர் வெளிச்சத்தை வடிகட்டிவிடலாம். இந்தச் சூனியக்காரிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ரைஜெலின் வெளிச்சம் தூசியில் பட்டுத் திரும்புவதுதான் அவள் முகம். வடிகட்டினால் அவளும் சேர்ந்து போய்விடுவாள். அவளுக்கு இருட்டு வேண்டும், வேறு வழியே இல்லை. நம் கோழிகளுக்கோ வெளிச்சம் வேண்டும். நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் பார்த்தால்தான் கோழி ஒழுங்காக முட்டை போடும் என்று நாமக்கல் பக்கம் எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொழுது சாய்ந்ததும் ஷெட் முழுக்க விளக்கு எரிந்து, பத்து மணிக்கு டைமரில் அணையும். அதனால் நீ பத்து மணிக்கு மேல்தான் தூணுக்குப் போவாய். மூன்று மூன்று நிமிடமாகப் படம் எடுத்து, அதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த மங்கல் முகம் எழும்பும். நூறு படம், இருநூறு படம். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து முப்பது படம் கருப்பாக எடுத்துவிட்டு, "இருட்டுப் படமும் தேவைதான் ஆத்தா, படத்துல வர்ற புள்ளி இரைச்சலைக் கழிக்க" என்று நீ சமாளித்த ராத்திரியில் நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா?

இனி என் தப்புகள். முதல் தப்பு உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதன் வால் உனக்குத் தெரியாது. அந்த மோட்டாரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நம் ஊரில் அது வானத்தின் அடியில், தென்னந்தோப்புக்கு மேலே தொட்டும் தொடாமலும் நிற்கும். மார்கழியில் ஒரு நாள் நான் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைக் கார்பன் பேப்பரில் சுற்றி, தேங்காய் பறிக்க வந்தவரிடம் கொடுத்து வடக்குத் தென்னை மட்டையில் கட்டச் சொன்னேன். நீ அதைத் துருவ நட்சத்திரமென்று நம்பி, ஒரு மணி நேரம் போராடி மோட்டாரை அதற்கு நேராக வைத்தாய். "என்னங்க, அந்த நட்சத்திரம் ஆடுது?" என்று அம்மா கேட்டதற்கு, "அது வளிமண்டலம், காத்துல அலையறதாலே அப்படித் தெரியும்" என்று பாடம் நடத்தினாய். வளிமண்டலம் இல்லை மகனே, தென்னை மட்டை. படத்தில் நட்சத்திரமெல்லாம் புழு மாதிரி நெளிந்திருந்தது. உண்மையைச் சொன்னதும் நீ என்னைத் துரத்தினாய், தடுக்கினாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஒரு வாரம் பண்ணைக்கு வந்தவர்களிடமெல்லாம் நீயே சொல்லிச் சிரித்தாய்.

ஆனால் அதற்கப்புறம் கீழே நின்று பார்க்கும் எந்த வெளிச்சத்தையும் நீ நம்பவில்லை. மேலே ஏறி நிஜ நட்சத்திரத்தைப் பார்த்து, எந்த மட்டைக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அடையாளம் வைக்கிறேன் என்று தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறினாய். "கெடைச்சிருச்சு ஆத்தா!" என்று கத்தினாய். கத்திக்கொண்டே ஒரு படி குறைவாக எண்ணி இறங்கினாய். அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. ஆஸ்பத்திரியில் நான் என்ன சொன்னேன்? "அப்பாவுக்கு ரெண்டாவது கால்கட்டு. முதலாவது அம்மா, ரெண்டாவது மாவுக்கட்டு." நர்ஸ்கூடச் சிரித்தார். நீயும் வலியோடு சிரித்தாய். அன்றைக்கு ராத்திரி நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்பது அம்மாவுக்கும் தெரியாது. என் விளக்கு இல்லாவிட்டால் நீ அந்த ஏணியில் ஏறியிருக்க மாட்டாய். இதை நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது பேசித் தீர்த்திருப்பேன். நீ சொல்லாமல் விட்டது எனக்குள்ளேயே கிடந்து கனத்துப்போனது.

அதனால்தான் படத்தை நான் எடுக்கிறேன் என்றேன். பொங்கல் முடிந்து பௌர்ணமியும் கழிந்ததும், டவுன் வீட்டுக் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு நீ கிடந்தாய். நான் அம்மாவோடு ஸ்கூட்டியில் பண்ணைக்குப் போய்ப் படம் எடுத்துக் கார்டைக் கொண்டுவந்தேன். அம்மா தண்ணீர் மோட்டார் ரூமில் உட்கார்ந்து போனில் சீரியல் பார்ப்பாள். பரீட்சை வருகிறது, ஒன்பதேகாலுக்கு அங்கே கிளம்பி ஒன்பதரைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். ஷெட் விளக்கு அணைவதோ பத்து மணிக்கு. முதல் மூன்று சாயங்காலப் படங்களையும் நீ லேப்டாப்பில் திறந்து பார்த்தாய். "வெள்ளையடிச்ச செவுராட்டம் இருக்குது" என்றாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "பரவால்ல ஆத்தா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாய். அந்தப் பரவாயில்லைதான் என்னைக் கெடுத்தது.

நான்காவது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, மின்பலகைக்குப் போய் இரண்டாம் ஷெட் ஸ்விட்சை 'ஆட்டோ'விலிருந்து 'ஆஃப்'க்குத் திருப்பினேன். கோழிகள் ஒரு நிமிஷம் கொக்கரித்துவிட்டு அடங்கின. மேலே பார்த்தேன். ஒரு ஜமக்காளத்தை உதறி விரித்தது மாதிரி நட்சத்திரங்கள். ஐந்து நிமிஷத்தில் டார்ச்சோடு மாரிமுத்து அண்ணன் ஓடிவந்தார்.

"ஏன் அம்மிணி, ரெண்டாம் ஷெட்டு இருட்டாக் கெடக்குது?"

"ஒரு பேஸ் போயிருச்சுண்ணா. ஒண்ணாம் ஷெட்டு வேற பேஸ், அதான் அது எரியுது."

"போர்டப் பாக்கட்டுங்களா?"

"கைய வெச்சீங்கன்னா அப்பா கொன்னுபோடுவாரு. அவரு சொன்னது மறந்து போச்சா?"

போன வருஷம் அவருக்கு ஷாக் அடித்ததிலிருந்து மின்பலகையை யாரும் தொடக் கூடாது என்று நீ சொல்லி வைத்திருந்தாய் அல்லவா, அந்தச் சட்டத்தைத்தான் அவர் மேல் வீசினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சொன்ன பொய் அவ்வளவு சுலபமாக உட்கார்ந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கிளம்பும்போது திரும்பப் போட்டால் கோழி மிரளும் என்று ஸ்விட்சை அப்படியே விட்டேன். கால் உடைந்ததிலிருந்து காலையில் முட்டைக் கணக்கை நான்தானே போய் எழுதி வருகிறேன்? அப்போது ஸ்விட்சை மறுபடி 'ஆட்டோ'வில் வைத்துவிடுவேன். பகலில் யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். எட்டு சாயங்காலம் இப்படிச் செய்தேன்.

உன் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். விளக்கை அணைத்து எடுத்த கார்டைக் கொடுத்த முதல் ராத்திரி நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஆத்தா, எப்படி ஆத்தா?" என்றாய். "கைராசிங்ப்பா" என்றேன். "பனி பெஞ்சு வானத்தக் கழுவி விட்டுருச்சாட்டம் இருக்குது" என்று நீயே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாய். இரண்டாவது நாள் நெற்றி. நான்காவது நாள், "மூக்கு வந்திருச்சு! இங்க வா, மூக்கு வந்திருச்சு!" என்று நீ போட்ட சத்தத்தில் அம்மா தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள். பார்த்தாள். "எங்க சின்ன மாமியா மூக்காட்டமே இருக்குது" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டே அதிர்ந்தது. கால் உடைந்த பிறகு நீ அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காக நான் மறுநாளும் ஸ்விட்சைத் திருப்பினேன்.

பலகையில் எண் இறங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தவளும் நான்தான். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. அப்புறம் ஐந்து அட்டை குறைந்தது, அட்டைக்கு முப்பது முட்டை. அப்புறம் பத்து. அப்புறம் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு, மாரிமுத்து அண்ணன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரியாமல் இல்லை மகனே. தெரிந்தது. நீ தீவனத்தை மாற்றச் சொன்னாய், தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னாய், டாக்டரைக் கூப்பிட்டாய், எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டாய். ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு நிறுத்திவிடலாம் என்றுதான் கிளம்புவேன். தாடை மட்டும் பாக்கி. நிலா வளர்ந்து வந்தால் அடுத்த வருஷம்தான். தாடை வந்ததும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை போட்டுக்கொண்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை காலையில் நீ காரில் பண்ணைக்கு வந்தாய். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு முட்டை ரூம் வாசலில் நின்றாய். நான் பலகைக்குப் பக்கத்தில் நோட்டோடு நின்றேன். நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், கதவில் படிப்பவர்களும் நான் செய்ததை நான் சொல்லியே தெரிந்துகொள்ளட்டும்.

"ஒளிக்காமச் சொல்லு மாரிமுத்து, ரெண்டாம் ஷெட்டுல என்ன நடக்குது?"

"லைட்டு ஏழு மணிக்கே நின்னு போகுதுங்க. ஒரு பேஸ் போயிருதுங்க. உங்களுக்குப் போன்லயே சொன்னனுங்களே."

"பக்கத்துப் பண்ணையில கேட்டுட்டேன். ஒரு நாளும் பேஸ் போகலைங்கறாங்க. டைமரும் சரியா இருக்குதுன்னு எலெக்ட்ரீசியன் சொல்றான். அப்பறம் எப்படி நிக்கும்? கோழி நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டரும் சொல்றாரு. அப்ப முட்டை எங்க போச்சு?"

லாரிக்காரர்கள் அட்டை தூக்குவதை நிறுத்தினார்கள். செல்வி அக்கா கூட்டுமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதானுங்க கேக்கறீங்க? நாங்க முட்ட எடுத்து வித்தமுங்களா?" என்றாள். மாரிமுத்து அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைக் காட்டினார். "அம்மிணியக் கேளுங்க. தெனமும் அங்கதான நிக்குது."

நீ என் பக்கம் திரும்பினாய். "சொல்லு ஆத்தா. லைட்டு நின்னுச்சா?"

ஒரு வார்த்தை. 'ஆமாங்ப்பா' என்றால் முடிந்தது. நான் சொன்னது இது: "நான் மேல பாத்துட்டு நின்னேனுங்ப்பா. கீழ எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன, எனக்கெப்படித் தெரியும்?"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரித்தார். நீயும் லேசாகச் சிரித்தாய். நான் சொன்னதற்கு ஆட்கள் சிரித்தால் எனக்கு இனிக்கும் என்று உனக்குத் தெரியும். நேற்று முதல் தடவையாக அது கசந்தது. மாரிமுத்து அண்ணன் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டார்ச்சோடு ஓடிவந்த அன்றைக்குப் பார்த்த மாதிரியே, நான் சொன்னது ஒருவேளை சரிதானோ என்று யோசிக்கிற மாதிரி பார்த்தார். "ஞாயித்துக்கெழம வேற ஆளு வருது. ரூமைக் காலி பண்ணிரு" என்று சொல்லிவிட்டு நீ காரில் ஏறினாய்.

இப்போது உன் ஆத்தாவாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தோப்புக்கு அந்தப் பக்கம் ஒருவன் பீடி பற்றவைத்தால்கூடப் படத்தில் தெரிந்துவிடும் என்று சொன்னவன் நீ. மூன்று நாள் வெள்ளைச் சுவராக இருந்த வானம் நான்காம் நாள் மையாக மாறியபோது, பத்தடி தூரத்தில் எரிய வேண்டிய ஷெட் எங்கே போயிற்று என்று ஏன் உனக்குக் கேட்கத் தோன்றவில்லை? மாரிமுத்து அண்ணன் சொன்னதற்குச் சாட்சி எட்டு நாளாக உன் மடியிலேயே இருந்தது. லேப்டாப்பைத் திற. நான்காவது சாயங்காலத்தின் ஆறாவது படத்தைப் பார். அந்த மூன்று நிமிடத்தில் பாதி நேரம் விளக்கு எரிந்து, பாதி நேரம் அணைந்திருக்கிறது. ஐந்தாவது வெள்ளை, ஏழாவது கருப்பு, நடுவில் அது மட்டும் சாம்பல். அது நான் ஸ்விட்சைத் திருப்பிய நிமிஷம். நீ ஒவ்வொரு படமாகப் பார்த்துக் கழிப்பவன், அதையும் பார்த்திருப்பாய். ஏதோ வண்டி விளக்கு என்று தள்ளியிருப்பாய். பழியில் பங்கு கேட்கவில்லை. அது முழுக்க என்னுடையது. ஆனால் நீயும் என்னைப் போல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இனிமேல் யாரையாவது நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்பதற்கு முன்னால், உன்னிடம் ஏற்கெனவே இருப்பதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள். ஏணியில் இறங்கும்போது பேசாதே. இவ்வளவுதான் ஆத்தா சொல்லும் புத்தி. மீதியெல்லாம் நான் கேட்டுக்கொள்ள வேண்டிய புத்தி.

இன்று சாயங்காலம் பண்ணைக்கு வந்ததும் கேமராவை எடுக்கவில்லை. முதலில் மோட்டார் ரூமுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் போனை அணைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "பத்தடி தள்ளி நானும் ஒக்காந்திருந்தனே. லைட்டு நின்னது எனக்குந்தான் தெரிஞ்சுது. கரண்டு போயிருக்கும்னு இருந்துட்டேன். போ, போயி அவங்ககிட்டச் சொல்லு. நான் வரமாட்டேன், நீயே சொல்லு" என்றாள். போனேன். அவர்கள் ரூம் வாசலில் இரண்டு சாக்கு மூட்டை, ஒரு பிளாஸ்டிக் குடம், கயிறு கட்டிய பெட்டி. மாரிமுத்து அண்ணன் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஸ்விட்ச், பேஸ், காலையில் 'ஆட்டோ' என்று எல்லாவற்றையும் நிற்காமல் சொன்னேன். நடுவில் ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன்.

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "அப்ப பேஸ் போகலையா அம்மிணி?" என்றார். "நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டனோன்னு ரெண்டு நாளா ரோசன பண்ணிட்டிருந்தேன்."

செல்வி அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "இப்ப எதுக்குச் சொல்றே?"

"நீங்க போகக் கூடாதுங்கக்கா. நான் லெட்டர் எழுதி முட்டை ரூம் கதவுல ஒட்டறேன். எல்லாரும் படிப்பாங்க."

"ஒட்டு, ஒட்டாமப் போ. எனக்குப் படிக்கத் தெரியாது, லாரிக்காரன் படிச்சு எனக்கென்ன ஆகோணும்? திருடின்னு கேட்டது உங்கொப்பன் வாயி. அந்த வாயி வந்து இல்லைன்னு சொல்லோணும். அதே எடத்துல நின்னு."

"அப்பாவுக்குக் கால்..."

"கேக்கறதுக்கு வந்த காலுதான?"

மாரிமுத்து அண்ணன் அவளை அடக்கவில்லை. "பஸ்ஸு பத்து மணிக்கு அம்மிணி" என்று மட்டும் சொன்னார். அவிழ்த்த கொடியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைக்காமல் வாசற்படியில் வைத்தார். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இனி ஆத்தா வேஷம் போதும். அப்பா, நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கேமராவைப் பூட்டி வையுங்கள். அந்த எட்டு சாயங்காலப் படங்களையும் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டிருக்கிறேன், என்ன செய்வதென்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தாடை வரவில்லை, வராமலே இருக்கட்டும். கோழி பழையபடி எப்போது திரும்பும் என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். விளக்கைச் சரியாகக் கொடுத்தால் சில வாரம் ஆகும் என்றார், எதற்குக் கேட்கிறாய் என்றார். அவரிடமும் சொல்லிவிட்டேன். ஏணி விஷயத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கேட்டிருக்க வேண்டியது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறேன். பின் சீட்டில் காலை நீட்டி உட்கார இடம் இருக்கிற பெரிய ஆட்டோ. ஊன்றுகோலின் அடி ரப்பர் கழன்றிருந்தது, மாற்றிவிட்டேன். லாரிக்காரர்களை ஒன்பதரை வரை இருக்கச் சொல்லிக் கேட்பேன், டாக்டரும் வருகிறேன் என்றார். நீங்கள் நேற்று நின்ற அதே இடத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். பக்கத்தில் நான் நிற்பேன்.

இப்போது மணி ஏழரை. ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறது. இரண்டாம் ஷெட் முழுக்க எரிகிறது, வானத்தில் ரைஜெலைத் தவிர அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மாரிமுத்து அண்ணன் எப்போதும் போல ராத்திரி ரவுண்டு வருகிறார். நாளைக்குப் போகிற ஆள் எதற்கு வர வேண்டும்? ஷெட்டுக்குள் நின்று ஒவ்வொரு விளக்காக அண்ணாந்து பார்க்கிறார், எல்லாம் எரிகிறதா என்று. அவர் தலை நிமிரும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

வாங்கப்பா.